நுவரெலியாவுக்கு இரண்டு நாள்: ஒரு மலைவழியின் வரலாறு

கொழும்பிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு, ஞாயிறு இரவு வீடு திரும்பும் வண்ணம் நுவரெலியாவுக்குப் பயணம் வகுப்போர் முதற்கண் எண்ணுவது பணத்தையன்று, பொழுதையே. வழியில் எத்தனை மணி கழியும், மலையில் எத்தனை மணி எஞ்சும், மழை எப்பொழுது வரும், திங்கட்கிழமை காலை கந்தோருக்கோ கல்லூரிக்கோ களைப்பின்றிச் செல்ல இயலுமா என்பனவே அவர்தம் வினாக்கள். வழியின் நீளம் ஏறக்குறைய 120 மைல். ஏறவேண்டிய உயரமோ 6,000 அடிக்கு மேல். கடற்கரை நகரில் வியர்வை சொரிய வண்டியேறியவர் அன்றே கம்பளி தேடும் குளிரில் இறங்குவர். இந்த இரண்டு நாட் கணக்கு இன்று மிக இயல்பானதாகத் தோன்றுகின்றது. ஆயின் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலங்கையில் வாழ்ந்த எவருக்கும் இக்கணக்கு விளங்கியிராது. மலை அணுகத்தக்கதாய் இருக்கவில்லை, வழி இல்லை, வார இறுதி என்னும் கால அளவே மக்கள் வாழ்விற் புகுந்திருக்கவில்லை. இம்மூன்றும் எவ்வாறு உண்டாயின என்பதும், அவற்றிற்காக எவரெவர் தத்தம் பொழுதைக் கொடுத்தனர் என்பதும் வரலாற்று மாணவர் ஆராயத்தக்கன.

பழந்தமிழர் மலையை அறியாதவரல்லர். மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி எனத் தனித்திணையாகவே வகுக்கப்பட்டன. எனினும் அத்திணையின் மாந்தர் மலையில் வாழ்பவர். விடுமுறைக்கு ஏறிச் செல்பவரல்லர். இலங்கையிலும் மக்கள் மலையேறியது பெரும்பாலும் வழிபாட்டிற்காகவே. சிவனொளிபாதமலைக்கு யாத்திரை செய்தோர் குளிர் காய்வதற்கோ காட்சி காண்பதற்கோ அங்குச் சென்றாரல்லர். குளிரும் ஏற்றமும் அவர்க்கு நோன்பின் பகுதியாய் இருந்தன.

கண்டி மன்னர்க்கோ மலை ஓர் அரண். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அந்நாட்டு வழிகள் ஒடுங்கியனவாயிருந்தமையையும், கணவாய்களில் முள்வேலிக் கதவமைத்துக் காவலர் நின்றமையையும் குறித்துள்ளார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அம்மலைகளிற் பட்ட பாட்டை நினைப்போர், வழியின்மையே அந்நாட்டிற் பெரிய படையாய் நின்றது என்பதை உணர்வர். எல்லைக் காவலிடத்தைக் குறித்த ‘கடவத்தை’ என்னும் சொல் இன்று கொழும்பு–கண்டி வீதியில் ஓர் ஊரின் பெயராய் நிலைத்திருக்கின்றது. வாகன நெருக்கடியில் அவ்வூரில் தாமதிக்கும் பயணி, காவலிடத்தில் நிற்கின்றோம் என்று எண்ணுவதில்லை.

1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வயப்பட்டது. 1817–1818 ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அவர்கள் மிகுந்த கொடுமையோடு அடக்கினர். அதன் பின்னரே உயர்மலைப் பகுதிகளிற் புறநாட்டார் அச்சமின்றி நடமாடத் தொடங்கினர். படை வைத்தியராய் இலங்கையில் இருந்த யோன் டேவி 1819ஆம் ஆண்டு நுவரெலியாச் சமவெளியைக் கண்டார் என்பர். இவர் இரசாயன அறிஞர் ஹம்பிரி டேவியின் இளவல். இலங்கையின் உள்நாட்டைப் பற்றி 1821இல் நூலொன்று வெளியிட்டவர். அதே 1819ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற் கோயம்புத்தூர்க் கலெக்டர் யோன் சலிவன் நீலகிரியின் மேல் ஏறினார் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. உதகமண்டலமும் நுவரெலியாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆங்கிலேயர் கண்ணிற் பட்டன. இரண்டிற்கும் காரணமும் ஒன்றே.

அக்காரணம் காய்ச்சல். வெப்பநாடுகளுக்கு வந்த ஐரோப்பியப் படைவீரர் போரில் இறந்ததிலும் நோயில் இறந்ததே மிகுதி. சதுப்பு நிலத்திலிருந்தெழும் நச்சுக்காற்றே காய்ச்சலுக்கு மூலம் என்பது அக்கால வைத்தியர் கொள்கை. ஆகவே காற்றுத் தூய்தாயுள்ள உயரத்தில் நோயாளரை வைத்தால் அவர் தேறுவர் என்று கருதினர். கொள்கை தவறு, பரிகாரம் சரியாயிற்று. மலேரியாவைப் பரப்புவது நுளம்பே என்பதை ரொனால்ட் றொஸ் 1897ஆம் ஆண்டில் நிறுவிய பின்னரே உயரத்தின் உண்மைப் பயன் விளங்கியது. அந்நுளம்பும் அதனுள் வளரும் நோய்க்கிருமியும் ஆறாயிரம் அடிக் குளிருக்கு ஆற்றா. தவறான காரணத்தால் நிறுவப்பட்டுச் சரியான பயன் தந்த ஊர்களுள் நுவரெலியாவும் ஒன்றென்க.

1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பான்ஸ் இவ்வூரைப் படையினர்க்கு உடல்நலத் தங்குமிடமாக்கினார். தமக்கும் அங்கே ஒரு மாளிகை எழுப்பினார். பிற்காலத்தில் எழுந்த பெரிய விடுதியொன்று அம்மாளிகையை அடியாகக் கொண்டதே. ஆயினும் பான்ஸின் பெயர் வீட்டினால் நிலைத்ததன்று, வீதியினால் நிலைத்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 72 மைல் நீளமான வீதி அவர் முயற்சியால் எழுந்தது. அதனை அமைத்த பொறியியலாளருள் முதன்மையானவரான கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் உள்ளது. அதன் அருகே பாறையைக் குடைந்து வழி விட்டிருந்தனர். மலையைத் துளைத்து வருபவரே கண்டியை வெல்வர் என்றொரு வாக்கு மக்களிடை வழங்கியதாகக் கதை உண்டு. பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே, 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டி, முதிரை மரத்தினாற் பாலம் அமைத்தனர். 1832ஆம் ஆண்டு கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை ஆகிய ஊர்களின் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வழியும் இக்காலத்திலேயே தொடங்கிப் படிப்படியாக விரிந்தது.

பான்ஸைப் புகழும் நூல்கள் வீதிகளின் நீளத்தைக் கூறும். அவற்றை வெட்டிய கைகளைப் பற்றிப் பல நூல்கள் அதிகம் பேசா. சிங்கள மன்னர் காலத்தில் நிலம் பெற்றோர் அந்நிலத்திற்கு ஈடாக அரசர்க்குச் செய்த தொண்டு இராசகாரியம் எனப்பட்டது. அதற்கு வழக்கம் ஓர் எல்லையிட்டிருந்தது. ஆங்கில அரசு அவ்வழக்கத்தைக் கையிலெடுத்துக்கொண்டு எல்லையைக் கைவிட்டது. கிராமத்தவர் தம் வயலையும் குடியையும் விட்டு, மழையிலும் காய்ச்சலிலும் வீதி வெட்ட வருவிக்கப்பட்டனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையால் 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே கண்டி வீதி முடிந்துவிட்டது. பான்ஸ் தாமும் பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டவர் என்பதை நினைவிற் கொண்டால், அவ்வீதி படைக்காக மட்டும் எழுந்ததன்று என்பது புலனாகும்.

வழி உண்டாயிற்று, பொழுது இன்னும் சுருங்கவில்லை. குதிரை களைத்து நிற்கும் இடங்களில் வாடி வீடுகள் எழுந்தன. ஒரு வாடி வீட்டிலிருந்து அடுத்ததற்குள்ள தூரமே பயணத்தின் அலகு. மைலும் மணியும் அதன் பின்னரே. தபால் வண்டியிற் கண்டியை அடைவதற்கே ஒரு பகலின் பெரும்பகுதி செல்லும். அங்கிருந்து ஏறக்குறைய ஐம்பது மைல் தூர ஏற்றத்தைக் குதிரையிலோ, ஆள் சுமக்கும் நாற்காலியிலோ, கால்நடையாகவோ கடக்கவேண்டும். மாட்டு வண்டியில் வரும் பெட்டிகள் மழைக்காலத்தில் எந்நாள் வந்து சேரும் என்பதை எவரும் அறுதியிட்டுக் கூறார். ஆகவே அந்நாளில் நுவரெலியா சென்றோர் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் அங்குத் தங்கினர். இரண்டு நாளுக்காக மலையேறுதல் அறிவின்மையாகவே கருதப்பட்டிருக்கும்.

அவ்வழியின் இயல்பைச் சாமுவேல் பேக்கரின் அனுபவம் நன்கு காட்டும். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற இவர், 1847ஆம் ஆண்டில் காய்ச்சலால் மெலிந்து நுவரெலியாவுக்கு வந்து சில நாள்களிலேயே உடல் தேறினார். அம்மலையில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைத்துவிடலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டு தம் உடன்பிறந்தாருடனும், கொல்லர் முதலான தொழிலாளருடனும், பசு, ஆடு, வேட்டை நாய், வண்டி ஆகிய அனைத்துடனும் கப்பலேறி வந்தார். வந்த சிறப்பு வண்டியை இறம்பொடைக் கணவாயில் அவருடைய குதிரைப் பராமரிப்பாளன் மதுமயக்கத்திற் செலுத்திப் பள்ளத்திற் கவிழ்த்தான். வண்டியைத் தூக்குவதற்கு அனுப்பிய யானையையும் அவன் அளவுக்கு மீறி விரட்டி ஏற்றினான். அது களைத்து வீழ்ந்து இறந்தது. பேக்கர் இவற்றை 1855இல் வெளிவந்த தமது நூலில் நகைச்சுவையாகவே விரிக்கின்றார். அந்த யானைக்கு அதில் நகைக்க எதுவும் இருந்திராது. அவர் கண்ட கனவும் நெடுநாள் நிலைக்கவில்லை. எட்டாண்டுகளின் பின் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். ஆயினும் அம்மண்ணில் உருளைக்கிழங்கும் மேனாட்டு மரக்கறியும் விளைவிக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் என்னும் பெயர் அவருக்கு உண்டு.

பேக்கர் தமது குடியேற்றத்தைத் தொடங்கிய 1848ஆம் ஆண்டிலேயே மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. மலைவழியின் வரலாற்றில் அதுவே நடுநாயகமானது. தேசாதிபதி டொறிங்ரன் ஆட்சியில் வீதிச் சட்டமொன்று பிறந்தது. பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஆண்டிற்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல்வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல்வேண்டும் என்பது அதன் சாரம். துவக்கு, நாய், கடை முதலியவற்றின் மீதும் வரிகள் எழுந்தன. பௌத்த துறவிகளையும் வீதிச் சட்டம் முதலில் விலக்கவில்லை. அதற்கு முன், 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம், உறுதி காட்டமுடியாத மேட்டுநிலங்களை முடிக்குரியனவாக்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு விற்க வழி திறந்திருந்தது. வீதி யாருக்குப் பயன்படும் என்பதைக் கண்டிக் கிராமத்தவர் நன்கு அறிவர். அவருடைய நெல் அக்கிராமத்திலேயே உண்ணப்பட்டது. வீதியிற் சென்றது கோப்பி. பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒழிந்த இராசகாரியம் வேறு பெயரில் மீண்டது என்றே அவர்கள் கொண்டனர். ஓகஸ்ற் மாதத்திற் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். கிளர்ச்சியை அடக்கிய முறை இலண்டன் பாராளுமன்றத்திலும் கண்டிக்கப்பட்டு, டொறிங்ரன் பதவியை இழந்தார்.

ஆண்டுக்கு ஆறு நாள் என்பது பெரிய சுமையோ என வினவுவோர் உளர். நகரத்தார் இன்று மலையில் இரண்டு நாள் கழிக்க விடுமுறை பெறுவதற்கு எத்துணை முயல்கின்றனர் என்பதை எண்ணினால், விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் ஓர் ஏழைக் குடியானவனிடமிருந்து ஆறு நாளை எடுப்பது எத்தன்மைத்து என்பதை அவர்களே உணரலாம்.

மலைக்கு ஏறிய வழி ஒன்றன்று, இரண்டு. கொழும்பிலிருந்து வந்த வழியில் உத்தியோகத்தரும் தோட்டத் துரைமாரும் வந்தனர். வடக்கிலிருந்து வந்த வழியில் தமிழர் நடந்து வந்தனர். தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் நடந்தனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் அவ்வழியில் இறந்தோர் பலர். காட்டு விலங்குக்கும் இரையாயினர். தப்பி வந்தோர் மலையின் முதற் குளிரைக் கண்ட இடம் மாத்தளை. அவ்வூர் முத்துமாரியம்மன் கோயில் அவ்வாறு நடந்து வந்தோரின் வழிபாட்டோடு இணைத்துப் பேசப்படுகின்றது. இவர்களும் மலையேறினர்; எத்தனை நாளுக்கு என்று கணக்கிட்டு ஏறினாரல்லர். கோப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பும் வழக்கம் முதலில் இருந்தது. ஆண்டு முழுதும் கொழுந்து தரும் தேயிலை வந்தபின் அத்திரும்புதலும் அருகியது.

புகையிரதம் மலைக்கு வந்த வரலாறு ஓரளவு விநோதமானது. அதனை வேண்டி நின்றோர் உல்லாசப் பயணிகளல்லர், கோப்பித் தோட்டக்காரர். மாட்டு வண்டியிற் கோப்பி கொழும்பை அடையுமுன் காலமும் பணமும் கரைவதை அவர்கள் பொறார். 1865இல் அம்பேபுசை வரையும், 1867இற் கண்டி வரையும் பாதை திறக்கப்பட்டது. கடுகண்ணாவை ஏற்றத்தில் 45 அடிக்கு ஓரடி என்னும் அளவிற் பாதை உயர்கின்றது. பாறைகளைக் குடைந்தும் பள்ளங்களை நிரப்பியும் அதனை அமைத்தனர். 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த பாதை 1885இல் நானுஓயாவைத் தொட்டது. இதற்கிடையில், 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை ஒவ்வொன்றாய் அழித்தது. 1884இல் ஓறியன்றல் வங்கி முறிந்தது. கோப்பிக்காக ஏறத் தொடங்கிய புகையிரதம் உச்சியை நெருங்கியபோது, ஏற்றுவதற்குக் கோப்பி இருக்கவில்லை. யேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துறையிற் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தை நிரப்பியது. தேயிலைப் பெட்டிகள் இறங்கிய வண்டிகளிலே நகரத்தார் ஏறினர். பாதை மேலும் சென்று 1894இற் பண்டாரவளையையும் 1924இற் பதுளையையும் அடைந்தது.

இரண்டு நாட் பயணம் இயன்றது இதன் பின்னரே. இரவுத் தபால் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் கொழும்பில் உணவுண்டு ஏறியவர் விடியலில் நானுஓயாவில் இறங்கலானார். உறங்கும் பொழுது வழிப்பொழுதாக மாறவே, பகல் முழுதும் மிச்சமாயிற்று. நானுஓயா நகரன்று என்பதைப் புதியவர் மறத்தல் கூடாது. நகர் அங்கிருந்து ஏறக்குறைய ஆறு மைல் மேலே உள்ளது. அவ்விடைவெளியைக் கடக்க 1903இல் ஓர் ஒடுங்கிய பாதை அமைத்து, அதனை இராகலை வரையும் நீட்டினர். மோட்டார் வண்டியும் பஸ்ஸும் வந்தபின் அதற்கு ஆதாயம் இல்லாது போகவே, 1940களில் அது கைவிடப்பட்டது. சிறிய இயந்திரம் பெருமூச்செறிந்து ஏறிய அப்பாதையை முதியோர் சிலர் நெடுங்காலம் நினைவிற் கொண்டிருந்தனர்.

வந்திறங்கியோர்க்கு ஊர் எவ்வாறு காட்சியளித்தது? தேசாதிபதி வில்லியம் கிறெகரி 1873இற் சதுப்பு நிலத்தைத் தேக்கி ஏரியாக்கினார். ஹக்கலையில் 1861இற் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கிய தோட்டம் நாளடைவிற் பூந்தோட்டமாயிற்று. காய்ச்சலுக்கு அஞ்சி எழுந்த ஊரின் அருகே காய்ச்சல் மருந்தின் மரம் வளர்ந்தமை பொருத்தமே. 1876இல் மலைக் கழகமும் 1889இற் கோல்ப் கழகமும் எழுந்தன. குதிரைப் பந்தயமும் மலர்க் காட்சியும் சேர்ந்து சித்திரை மாதத்தை நுவரெலியாவின் பருவமாக்கின. இந்திய அரசு 1864 முதல் ஆண்டுதோறும் சிம்லாவுக்குப் பெயர்ந்ததுபோல இலங்கை அரசு முழுதாக மலைக்குப் பெயரவில்லை. தேசாதிபதி மட்டும் தம் மலை மாளிகைக்குச் செல்வார். கொழும்பிலிருந்து எளிதில் வந்துபோகக் கூடியதாயிருந்தமை அதற்கு ஒரு காரணமாகலாம். கழகங்களுட் சில நெடுங்காலம் ஐரோப்பியர்க்கே உரியனவாய் இருந்தன. இந்நாட்டுச் செல்வர் ஏரிக்கரையில் உலாவலாம். அக்கழக மண்டபத்தில் அமர்தல் இயலாது. சுதந்திரத்தின் பின்னரும் அவ்வழக்கம் உடனே மறையவில்லை.

வார இறுதியைப் பற்றியும் ஒரு சொல் கூறல்வேண்டும். ஞாயிறு ஓய்வு கிறித்தவ ஆட்சியோடு வந்தது. சனிக்கிழமை அரைநாள் கந்தோர் வழக்கோடு வந்தது. 1966ஆம் ஆண்டு இலங்கை அரசு ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகச் சந்திரனின் நான்கு கலைகளுக்குரிய போயா நாள்களை விடுமுறையாக்கியது; அவற்றின் முன்னைய நாள் அரைநாளாயிற்று. இதனால் விடுமுறை சிலவேளை திங்களிலும் சிலவேளை வியாழனிலும் வந்தது. ஒரு வாரம் ஏழு நாளாயிருக்க, வேறொரு வாரம் எட்டு நாளாயிருந்தது. மலைக்குப் பயணம் வகுத்தோர் பஞ்சாங்கம் பார்த்தே அறை பதிந்தனர். வெளிநாட்டு வாணிகத்திற்கு அம்முறை ஒவ்வாமையால் 1971இல் ஞாயிறு மீண்டது. பூரணை நாள்களைத் திங்களுக்கோ வெள்ளிக்கோ அண்டி வரக் கண்டு இன்றும் மகிழ்வோர், அவ்வைந்தாண்டுக் குழப்பத்தை அறியார்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இம்மலை அண்மையதன்று. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்த பின், பொல்காவலைச் சந்தியில் இறங்கி மலைநாட்டு வண்டிக்கு மாறும் வழி திறந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் பயணம் மேலும் எளிதாயிற்று. பள்ளிக் கல்விச் சுற்றுலாக்களில் நுவரெலியா தவறாது இடம்பெற்றது. ஹக்கலைப் பூங்காவும், சீதையை இராவணன் சிறைவைத்த அசோகவனம் எனக் கருதப்படும் சீதா எலியாக் கோயிலும் மாணவர் குறிப்பேடுகளில் நிறைந்தன. 1990இல் வடபாதை போரினால் அறுந்தது. 2014இலேயே யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் புகையிரதம் அடைந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளிற் பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர், பொல்காவலைச் சந்தியில் நள்ளிரவில் வண்டி மாறும் இன்பத்தையும் தொல்லையையும் பெற்றோர் வாயிலாகவே அறிந்தனர்.

மலைநாட்டுப் பாதை ஏற்றிச் சென்றோரை மட்டுமே இதுவரை நோக்கினோம். அது இறக்கிச் சென்றோரும் உளர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி முடிவு செய்யப் பத்தாண்டு சென்றது. அவ்வாறு எண்ணிப் பிரிக்கப்பட்டோர், பாட்டனார் நடந்தேறிய மலையிலிருந்து புகையிரதத்தில் இறங்கித் தலைமன்னாருக்குச் சென்றனர். ஒரு குடும்பத்தில் தந்தைக்கு ஒரு நாடும் மகளுக்கு ஒரு நாடும் வாய்த்ததுண்டு. நிலையங்களில் வழியனுப்ப வந்தோரின் அழுகையால் அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மலையக மக்கள் பெயரிட்டனர். அதே காலத்தில் அதே தண்டவாளங்களின் மேல், சாளரத்தில் முகம் வைத்து, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலையைப் பார்த்து வியந்தவாறு விடுமுறைப் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தனர். இரு வண்டிகள் ஒரே நிலையத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்றல் ஒற்றைத் தண்டவாளப் பாதையின் இயல்பு. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் முற்றாக வழி செய்தது.

இவ்வரலாற்றை அறிந்தோர் மலைக்குச் செல்லலாகாது என்பதன்று. செல்வோர் பொழுதை நன்கு வகுத்துச் செல்க. தை முதற் சித்திரை வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். தை, மாசி மாதங்களின் விடியலிற் சிலவேளை புல்லின்மேல் உறைபனி காணலாம். வைகாசியின் பின் தென்மேற்குப் பருவமழை இறம்பொடைச் சரிவை மூடிக்கொள்ளும். அப்பொழுது அருவிகள் அழகுறும், வீதி அஞ்சத்தக்கதாகும். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையைக் கேளாது இரவில் ஏறுதல் தகாது. சித்திரைப் பருவத்தில் ஊர் நிரம்பி வழியும். தனிமை வேண்டுவோர் அதற்கு முன்னரே சென்று திரும்புதல் நன்று. ஞாயிறு மாலை வரை ஏரிக்கரையில் இருந்துவிட்டுத் திங்கள் காலை கொழும்பில் இருக்கலாம் எனக் கணக்கிடுவோர், கண்டி வீதியின் நெருக்கடியை அக்கணக்கிற் சேர்ப்பதில்லை. இரு நாளுட் பிதுறுதாலகாலை, ஹோற்றன் சமவெளி, ஹக்கலை, எல்லாவற்றையும் பார்த்துவிட முனைதல் வண்டியின் உட்புறத்தையே பார்த்துத் திரும்புவதாக முடியும். ஒரு பகலை ஒரு தோட்டத்தின் அருகே கழிப்பவர், தப்பொலியோடு பிரட்டுக் களத்திற் கூடி எழுந்த பழைய தோட்ட நாளைப் பற்றி லயத்து முதியோரிடம் கேட்டறியலாம். அவர்தம் பாட்டனார் மாத்தளை வழி நடந்த கதையும் அங்கே கிடைக்கும்.

வெள்ளி இரவிற் புறப்படுவோர் இறம்பொடையின் வளைவுகளில் எதிரே இறங்கிவரும் லொறிகளைச் சந்திப்பர். பேக்கர் விளைவிக்க முயன்ற கிழங்கும், கோவாவும், கரட்டும், லீக்ஸும் மூட்டை மூட்டையாகக் கொழும்புச் சந்தைக்கு விடியுமுன் சேரவேண்டி இரவோடிரவாகச் செல்லும். ஒடுங்கிய வளைவில் இறங்கும் லொறிக்கு ஏறும் வண்டி ஒதுங்கி நின்று வழிவிடும். சாரதிகள் விளக்கைத் தாழ்த்திக்கொள்வர்.